நான் பட்ட அடி என் பிள்ளையிடம் தெரிகிறதா?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்ட கேள்வியின் சுருக்கம் இது. மகனுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. பள்ளியில் பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கிறான். வீட்டில் கையில் கிடைத்ததை எறிகிறான். "வேண்டாம்" என்றால் தரையில் விழுந்து புரள்கிறான். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். வீட்டில் மாமியார், இவர், ஒன்பது வயது மகள், இந்தப் பையன். மகளைப் பற்றி ஒரே ஒரு வரிதான்: "அவ தங்கமான பிள்ளை, அவளால ஒரு தொல்லையும் இல்லை." இவருடைய சின்ன வயதில் அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிப்பாராம். இவரும் தம்பியும் இரண்டாம் கட்டுத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்களாம். போன மாதம் ஒருநாள் இவரே மகனைக் கரண்டிக் காம்பால் அடித்துவிட்டார், கையில் தடம் விழுந்துவிட்டது. அதைப் பார்த்த மாமியார், "தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்றாராம். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. "ஆச்சி, என் பழைய கதை பிள்ளைக்குள்ள இறங்கிடுச்சா? இது ரத்தத்துல வர்றதா?" என்று கேட்கிறார்.

ஓரளவு இறங்கியிருக்கலாம். ஆனால் ரத்தத்தின் வழியாக வந்தது என்று சொல்ல ஆதாரம் குறைவு. சாயங்காலம் ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது, அப்போது உங்கள் உடம்பு என்ன செய்கிறது, மகன் அதிலிருந்து என்ன கற்றுக்கொள்கிறான் என்பதில்தான் பெரும்பகுதி இருக்கிறது. காரைக்குடிப் பக்கம் பிள்ளைகளோடும் தாய்மார்களோடும் பல வருடமாக உட்கார்ந்து பேசுகிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் ஆராய்ச்சி என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று பார்ப்போம். 1998-இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரத்தில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரண்டு மருத்துவர்களின் குழு ஒரு ஆய்வை வெளியிட்டது. குழந்தைப் பருவத்தில் அடி, அவமானம், வீட்டில் குடி, தாய் அடிபடுவதைப் பார்த்தல் போன்றவற்றை அனுபவித்தீர்களா என்று பெரியவர்களிடம் கேட்டு, அவர்களுடைய இன்றைய உடல்நலத்தோடு ஒப்பிட்டார்கள். ஆய்வு நடந்த இரண்டு சுற்றிலும் சேர்த்து 17,000 பேருக்கு மேல். மூன்றில் இரண்டு பேருக்கு இந்த அனுபவங்களில் ஒன்றாவது இருந்தது. எண்ணிக்கை கூடக்கூட மனச்சோர்வு, குடி, இதயநோய் எல்லாம் கூடின. தாய்க்கு இப்படிப்பட்ட கடந்தகாலம் இருந்தால் பிள்ளையின் நடத்தையிலும் தெரிகிறதா என்று அதற்கப்புறம் வந்த பல ஆய்வுகள் பார்த்தன. தெரிகிறது. ஆனால் தொடர்பு மிதமானது. அதில் பெரிய பங்கு, தாயின் இன்றைய மனச்சோர்வு வழியாகவும் இன்றைய கண்டிப்பு முறை வழியாகவும் போகிறது. இந்த "இன்றைய" என்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

இப்போது இந்த ஆய்வை வைத்துக் கைபேசியில் பத்துக் கேள்வி கேட்டு "உங்கள் மதிப்பெண் ஆறு" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த மதிப்பெண்ணை வைத்துத் தனி ஒரு மனிதருக்கு என்ன ஆகும் என்று கணிக்கக் கூடாது என்று ஆண்டாவே 2020-இல் எழுதினார். அது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. உங்களைப் பற்றிய ஜாதகமாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து ரத்தம். வாட்ஸப்பில் "வலி ஏழு தலைமுறைக்கு ஜீனில் இறங்கும்" என்று சுற்றுகிறது. இதன் அடி எங்கே என்றால், கனடாவில் மைக்கேல் மீனி எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகள். குட்டியை நிறைய நக்கிக் கொடுக்கும் தாய் எலியின் குட்டிகள் பதற்றம் குறைவாக வளர்ந்தன. குறைவாக நக்கும் தாயின் குட்டிகள் எளிதில் மிரண்டன. ஆனால் மிரளும் தாய்க்குப் பிறந்த குட்டியை நன்றாக நக்கும் தாயிடம் வளர்க்க விட்டபோது, அது வளர்த்தவளைப் போல ஆனது. வாட்ஸப்பில் வருகிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதே இல்லை. மனிதர்களில், யூத இனப்படுகொலையிலிருந்து தப்பியவர்களின் பிள்ளைகளிடம் மரபணுவின் மேலுள்ள ரசாயனக் குறிகளில் வித்தியாசம் இருப்பதாக ரேச்சல் யெஹூதா 2016-இல் எழுதினார். தப்பியவர்கள் 32 பேர், பிள்ளைகள் 22 பேர், அவ்வளவு சின்ன ஆய்வு. அதை வைத்து உங்கள் மகன் பள்ளியில் கடிப்பதை விளக்க முடியாது. சுபாவத்தில் மரபணுவுக்குப் பங்கு உண்டுதான். சில பிள்ளைகள் பிறக்கும்போதே சூடாகப் பிறக்கும், எளிதில் அடங்காது. அது உங்கள் அப்பா செய்த கொடுமை இறங்கி வந்தது என்று ஆகிவிடாது.

சரி, ரத்தம் இல்லையென்றால் எப்படித்தான் போகிறது?

உடம்பு வழியாக. அடிதடி நடக்கும் வீட்டில் வளர்ந்த பெண்ணின் உடம்பு, சத்தம் வந்தாலே ஆபத்து என்று பழகியிருக்கும். தூணுக்குப் பின்னால் நின்ற அந்தப் பெண்ணுக்கு அந்தப் பழக்கம் உதவியது. அப்பாவின் செருப்புச் சத்தத்திலேயே இன்று குடித்திருக்கிறாரா இல்லையா என்று கணித்தால்தான் தம்பியை இழுத்துக்கொண்டு ஒளிய முடியும். இப்போது ஆறு வயதுப் பையன் அதே சுருதியில் கத்தும்போது, அவன் பிள்ளை என்று அறிவுக்குத் தெரியும் முன்பே நெஞ்சு அடிக்க ஆரம்பித்துவிடுகிறது. அந்த நிலையில் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: வெடிப்பார்கள், அல்லது உறைந்துபோவார்கள். வெடிப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும், கரண்டிக் காம்பு மாதிரி. உறைவது தெரியாது. பிள்ளை கத்திக்கொண்டிருக்கும், தாய் சுவரைப் பார்த்தபடி நிற்பாள், இல்லையென்றால் கைபேசியைத் தள்ளிக்கொண்டே இருப்பாள். எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் 1970-களில் ஒரு சோதனை செய்தார். தாய் கைக்குழந்தையோடு விளையாடிக்கொண்டிருந்துவிட்டு, சில நிமிடம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கீச்சென்று கத்தும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அல்லது அழும். அடியே விழாத வீட்டிலும் பிள்ளை ஏன் ஆர்ப்பாட்டம் செய்கிறது என்பதற்கு இதில் பாதி பதில் இருக்கிறது. தாயின் முகம் திரும்ப உயிர்பெற வேண்டும். அதற்கு எறிவதுதான் வழி என்றால் எறியும்.

இன்னொரு வழி, பார்வை. பிள்ளையைப் பார்க்கும் இடத்தில் வேறு ஒருவரைப் பார்ப்பது. நம்மூரில் சொந்தக்காரர்கள் இதற்கு நன்றாகவே உதவுவார்கள். பையன் புருவத்தைச் சுருக்கினால் போதும், "அப்படியே அவன் ஐயா கோபம்" என்று உங்கள் அப்பாவை இழுத்து ஒருவர் சொல்லிவிடுவார். சொன்னவருக்கு அது பேச்சு. உங்களுக்கு அது தீர்ப்பு. அப்புறம் அவன் டிபன் பாக்ஸை எறியும்போது பசியிலும் தூக்கத்திலும் இருக்கும் ஆறு வயதுப் பிள்ளை உங்கள் கண்ணில் படுவதில்லை, இன்னும் இருபது வருடத்தில் பெண்டாட்டியை அடிக்கப்போகும் ஒரு ஆண்தான் படுகிறான். அந்த வருங்கால ஆளைத் தடுக்கத்தான் கரண்டியை எடுத்தீர்கள் என்று நினைக்கிறேன். செல்மா ஃப்ரைபர்க் என்ற அமெரிக்கச் சமூகப்பணியாளர் 1975-இல் தன் சக பணியாளர்களோடு எழுதிய கட்டுரை இதைப் பற்றித்தான். கொடுமை பட்ட தாய்மார்களில் சிலர் அதையே பிள்ளைக்குச் செய்தார்கள், சிலர் செய்யவில்லை. வித்தியாசம் எங்கே இருந்தது? நடந்ததை இருவருமே நினைவு வைத்திருந்தார்கள். ஆனால் திரும்பச் செய்யாதவர்களுக்கு அன்று பட்ட பயமும் அவமானமும்கூட நினைவில் இருந்தன. மற்றவர்கள் சம்பவத்தை மட்டும் ஒப்பிப்பார்கள், அதில் வலி இருக்காது. "எங்கப்பா அடிப்பாரு, அதனாலதான் நான் ஒழுங்கா வளர்ந்தேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிற ஆட்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. தூக்கம் வரவில்லை என்கிறீர்கள். அந்த உறுத்தல் உங்களுக்கு இருப்பது நல்லதற்குத்தான்.

மூன்றாவது வழிக்கு யாருடைய கடந்தகாலமும் தேவையில்லை, ஆனால் அடிபட்டு வளர்ந்தவர்கள் அதில் சீக்கிரம் மாட்டிக்கொள்வார்கள். ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஓரிகனில் வீடுகளுக்கே ஆள் அனுப்பிக் கவனித்து எழுதியது. பையன் கைபேசி கேட்கிறான். இல்லை என்கிறீர்கள். கத்துகிறான். சத்தம் உங்களுக்கு ஆகாது, ஆனாலும் இல்லை என்கிறீர்கள். உருளுகிறான், தட்டை எறிகிறான். மாமியார் உள்ளிருந்து "குடுத்துத் தொலையேன்" என்கிறார். கொடுத்துவிடுகிறீர்கள். வீடு அமைதியாகிறது. அவன் கற்றது: எறியும் வரை போனால் கிடைக்கும். நீங்கள் கற்றது: கொடுத்தால் நெஞ்சடிப்பு நிற்கும். மறுநாள் உங்களுக்குத் தலைவலி, கொடுக்க மறுத்து அடித்துவிடுகிறீர்கள், அவன் அடங்குகிறான். இப்போது கற்றது: கடைசியில் யார் பலசாலியோ அவர் பேச்சு நடக்கும். இதைத்தான் அவன் பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளையிடம் செய்து பார்க்கிறான்.

இனி நீங்கள் கேட்காத மகளைப் பற்றி. உங்கள் கேள்வியில் என்னை நிறுத்திய இடம் அந்த ஒரு வரிதான். மேரி மெயின் என்ற ஆய்வாளரின் குழுவினர், சின்ன வயதில் தாயிடம் ஒரே நேரத்தில் பயமும் ஒட்டுதலும் வைத்திருந்த குழந்தைகளை ஆறு வயதில் திரும்பப் பார்த்தார்கள். பல பேர் தாயை நடத்துகிறவர்களாக மாறியிருந்தார்கள், அதில் இரண்டு விதம். ஒரு விதம் தாயை அதிகாரம் செய்யும், திட்டும், அவமானப்படுத்தும். இன்னொரு விதம் தாயைக் கவனித்துக்கொள்ளும், சிரிக்க வைக்கும், அவள் முகம் வாடாமல் பார்த்துக்கொள்ளும். முதல் விதத்துக்குப் பள்ளியிலிருந்து புகார் வரும். இரண்டாவதற்குப் பாராட்டு வரும். உங்கள் மகள் அப்படித்தான் என்று நான் இங்கிருந்து சொல்ல மாட்டேன். சில பிள்ளைகள் இயல்பாகவே அமைதி. ஆனால் பாருங்கள்: நீங்கள் அழுதால் அவள் வந்து கண் துடைக்கிறாளா? தம்பி கத்த ஆரம்பித்ததும் உங்கள் முகத்தைப் பார்க்கிறாளா? தனக்கு ஏதாவது வேண்டும் என்று கடைசியாக எப்போது அடம்பிடித்தாள்? ஒன்பது வயதுப் பிள்ளை மாதக்கணக்கில் ஒன்றுக்கும் அடம்பிடிக்கவில்லை என்றால், அவளைத் தனியாகக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் வாருங்கள். போகும் வழியில் "தம்பியைப் பாத்துக்கிறது உன் வேலை இல்லை, அது அம்மா வேலை" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். தூணுக்குப் பின்னால் தம்பியை இழுத்துக்கொண்டு நின்ற பெண்ணை இவளிடம்தான் பார்க்க வேண்டும், அவனிடம் இல்லை.

நம்மூர்க் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். செட்டிநாட்டில் ஆண்கள் கொண்டுவிற்கப் போனது, அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்குப் போனது, தலைமுறை தலைமுறையாக நடந்தது. பர்மா, மலேயா, சிலோன், சைகோன். மூன்று வருடக் கணக்கு என்று போவார்கள். வந்து சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பப் போவார்கள். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது நடந்தே ஊர் திரும்பியவர்கள் உண்டு, வழியிலேயே போனவர்களும் உண்டு. 1960-களில் மிச்சமிருந்ததையும் விட்டுவிட்டு வந்தார்கள். முகப்பில் பர்மாத் தேக்குத் தூண் நிற்கும், அதைக் கொண்டுவந்தவர் எப்படித் திரும்பி வந்தார் என்று வீட்டில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். புருஷன் இல்லாத வருடங்களை ஆச்சிமார் எப்படி ஓட்டினார்கள் என்றும் பேச மாட்டார்கள். வரவு செலவு பேரேட்டில் இருக்கும். பயமும் தனிமையும் எதிலும் எழுதப்படவில்லை. இன்று சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து ஆண்கள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போவது அதே ஏற்பாட்டின் ஏழை வடிவம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எல்லாச் சாதியிலும் போகிறார்கள், எல்லா வீட்டிலும் ஒரு தாய் தனியாக நிற்கிறாள்.

ஆனால் அந்தக் காலத்துத் தாய்க்கு ஒன்று இருந்தது. ஒரே வளவில், அதாவது ஒரே பெரிய வீட்டில், நாலைந்து புள்ளி. கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி. கல்யாணமான மகனை வேறு வைத்தாலும் அதே கூரைக்குள்தான் அடுப்பு. தாய் சிடுசிடுத்தால் பிள்ளை பட்டாலையைத் தாண்டிப் பெரியம்மாவிடம் ஓடிவிடும், அங்கே சாப்பிட்டுத் தூங்கியும் விடும். இதைப் பெருமையாக மட்டும் சொல்லிவிட முடியாது. அதே வீட்டில்தான் ஒரு பெண் அடிபடும்போது மற்றப் புள்ளிக்காரர்கள் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தார்கள். உங்கள் அம்மாவுக்கும் அதுதான் நடந்தது. வீட்டு விஷயம் வாசல் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டில் எத்தனை பெண்கள் மக்கிப்போனார்கள் என்று இங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். இப்போது நிலைமை என்ன? அந்தப் பெரிய வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கின்றன, ஓட இன்னொரு பெரியம்மா இல்லை. வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஓடிப்போக இன்னொரு ஆள் இருப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஹவாயின் காவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்து வருடம் தொடர்ந்து கவனித்தார். வறுமை, குடி, சண்டை என்று எல்லாம் சேர்ந்து அழுத்திய பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கு நன்றாக வளர்ந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தெரிந்த ஒன்று, பெற்றோரோ பாட்டியோ சித்தியோ ஆசிரியரோ, நிலையாக அன்பு காட்டிய ஒரு பெரியவர் இருந்தார் என்பது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1988-இல் வந்த ஆய்வு உங்கள் கேள்விக்கு இன்னும் நேரான பதில். சின்ன வயதில் கொடுமை பட்டும் தன் பிள்ளையைக் கொடுமை செய்யாத தாய்மார்களிடம் என்ன இருந்தது என்று பார்த்தார்கள். சின்ன வயதில் ஆதரவாக இருந்த ஒருவர், வாழ்க்கையில் எப்போதாவது எடுத்துக்கொண்ட மனநல சிகிச்சை, இப்போது துணை நிற்கும் கணவர். முதலாவதை மாற்ற முடியாது, நடந்தது நடந்ததுதான். மற்ற இரண்டும் இன்னும் உங்கள் கையில் இருக்கின்றன. மாமியாரையும் நான் இதில் சேர்ப்பேன். வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வை ஆராய்ந்து 2002-இல் வந்த ஆய்வில், மாமியாரோடு ஒத்துப்போகாததும் ஒத்தாசைக்கு ஆள் இல்லாததும் காரணங்களின் பட்டியலில் வந்தன.

மாமியாரிடம் பழமொழிக்குப் பதில் பழமொழி சொல்லி ஜெயிக்க முடியாது, முயற்சியும் வேண்டாம். வேலை கொடுங்கள். "அத்தை, சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அரை மணி நேரம் இவனை நீங்க வச்சுக்கங்க, நான் ஒரு குளியல் போட்டுட்டு வர்றேன்" என்று கேட்டுப் பாருங்கள். பேரனை வைத்துக்கொள்ள வேண்டாம் என்கிற அப்பத்தா அபூர்வம். கணவரிடம் கேட்க வேண்டியது வேறு. "அப்பாகிட்ட சொல்லிடுவேன்" என்று வீடியோ காலில் அவரைப் போலீஸ் ஆக்காதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம், புகார் எதுவும் இல்லாமல், மகனோடு அவர் சும்மா பேசட்டும். உங்களோடு பேசுவது பிள்ளைகள் தூங்கினபின். இந்தத் துறையில் ஆய்வுகள் எல்லாம் தாயையே தோண்டுகின்றன, ஏனென்றால் ஆய்வுக்கு வந்து உட்காருகிறவள் தாய். அந்த வழியில் பெரிய தவறுகளும் நடந்திருக்கின்றன. 1950, 60-களில் ஆட்டிசத்துக்குக் காரணமே தாயின் குளிர்ந்த மனசுதான் என்று மருத்துவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள், அது முழுப் பொய் என்று பின்னால் ஆனது. அதனால் இந்தப் பதிலைப் படித்துவிட்டு எல்லாப் பாரத்தையும் உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

அதே காரணத்துக்காக, கடந்தகாலத்தைக் கிளறுமுன் சாதாரணக் காரணங்களைப் பார்த்துவிடுங்கள். காது சரியாகக் கேட்கிறதா? பேச்சு வயதுக்கேற்ப இருக்கிறதா? சொல்ல வராத பிள்ளை கடிக்கும். இரவில் எத்தனை மணிக்குத் தூங்குகிறான்? இந்த வயதுக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். ரத்தசோகை இருக்கிறதா? 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு இருந்தது, சோகை பிடித்த பிள்ளை சிணுங்கும். கவனக்குறைவும் துறுதுறுப்பும் வீடு, பள்ளி, கோயில் என்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா? அப்பா விமானம் ஏறின தேதிக்கும் இது ஆரம்பித்த தேதிக்கும் ஏதாவது ஒட்டு இருக்கிறதா? நல்லா இருந்த பிள்ளை திடீரென்று மாறியிருந்தால், யாராவது தொட்டுத் துன்புறுத்துகிறார்களா என்பதையும் மனதில் வைத்தே ஆக வேண்டும். அதட்டாமல் கேளுங்கள், சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.

இனி அந்தச் சாயங்காலம். பள்ளி விட்டு வரும்போது பிள்ளை பசியில் வருகிறான். முதல் கால் மணி நேரம் வீட்டுப்பாடம், விசாரணை எதுவும் வேண்டாம், இடைப்பலகாரம் ஏதாவது கையில் கொடுங்கள். அப்புறம் தினமும் பத்து நிமிடம், அவன் சொல்கிற விளையாட்டை அவன் சொல்கிறபடி நீங்கள் விளையாட வேண்டும். அதில் திருத்தம், கேள்வி, பாடம் எதுவும் கூடாது. கேட்க அற்பமாக இருக்கும். நடத்தைப் பயிற்சிகளில் முதல் வாரமே சொல்லித் தருவது இதைத்தான், ஏனென்றால் எறியாமலே உங்கள் முகம் கிடைக்கும் என்று பிள்ளைக்கு அப்போதுதான் தெரியும். கைபேசி எப்போது, எவ்வளவு நேரம் என்று அவன் கத்துவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். முடிவு செய்தபின் கத்தினால் கொடுக்கக் கூடாது. இதில் ஒரு எச்சரிக்கை: முதல் ஒரு வாரம், பத்து நாள் நிலைமை மோசமாகும். இத்தனை நாள் வேலை செய்த கத்தல் இப்போது வேலை செய்யவில்லையே என்று இன்னும் சத்தமாகக் கத்திப் பார்ப்பான். பாதிப் பேர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். அந்த நேரத்தில் கொடுத்தால், இன்னும் பெரிதாகக் கத்தினால் கிடைக்கும் என்று நீங்களே சொல்லிக்கொடுத்த மாதிரி. அத்தையிடம் இதை முன்னாடியே சொல்லி வையுங்கள்.

உங்களுக்கு நெஞ்சடிக்க ஆரம்பித்தால், "அம்மாவுக்குக் கோபம் வருது, அடுப்படிக்குப் போய்ட்டு வர்றேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு நகருங்கள். சொல்லாமல் போனால் விட்டுவிட்டுப் போன மாதிரி இருக்கும் அவனுக்கு. முகத்தில் குளிர்ந்த தண்ணீர், மெதுவாக மூச்சு வெளியே விடுதல், தரையில் கால் பதிந்திருப்பதைக் கவனித்தல், எது உங்களுக்கு ஒத்துவருகிறதோ அது.

அப்படியும் கை நீண்டுவிட்டால்? திரும்பப் போய்ச் சரி செய்ய வேண்டும். "மன்னிப்புக் கேட்டா தலைக்கு மேல ஏறிடுவான்" என்பார்கள். ஏற மாட்டான். "தம்பி, அம்மா அடிச்சது தப்பு. உனக்கு வலிச்சிருக்கும், பயமா இருந்திருக்கும். தட்டை எறிஞ்சதும் தப்புதான். வா, ரெண்டு பேரும் சேர்ந்து அதைப் பொறுக்குவோம்." இவ்வளவு போதும், அவன் காலில் விழுந்து அழ வேண்டாம். அழுதால் அவன் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும், அந்த வேலையை ஏற்கனவே ஒரு பிள்ளை செய்துகொண்டிருக்கிறது. அதே ட்ரானிக் சொன்னது: நல்ல தாய்-சேய் ஜோடியிலேயே இருவரும் ஒத்திசைவாக இருப்பது மொத்த நேரத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம்தான். மீதி நேரம் பிசகுவதும் திரும்பச் சேருவதுமாகப் போகிறது. உங்கள் அப்பா அடித்துவிட்டு மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி பேப்பர் படித்திருப்பார். உங்கள் மகனுக்கு நீங்கள் அதை வேறு மாதிரி ஆக்க முடியும்.

உங்கள் சொந்தக் கதையை ஒரு பெரியவரிடம் சொல்ல வேண்டும், மகளிடம் அல்ல. மேரி மெயின் குழு தாய்மார்களிடம் அவர்களுடைய சின்ன வயதைப் பற்றி நீளமாகப் பேட்டி எடுத்தது. தாய்க்கு என்ன நடந்தது என்பதைவிட, அதை எப்படிச் சொல்கிறாள் என்பதுதான் பிள்ளையின் ஒட்டுதலோடு அதிகம் பொருந்தியது. கோர்வையாக, மறைக்காமல், மூழ்கிப்போகாமல் சொல்ல முடிந்தவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் பத்திரமாக உணர்ந்தார்கள், அந்தக் கதை எவ்வளவு கொடூரமாக இருந்தாலும். இந்தக் கோர்வை தானாகவும் வரலாம், நல்ல சிகிச்சையாலும் வரும். தூக்கம் இல்லை என்கிறீர்களே, அது பல வாரமாக நீடித்தால், பழைய காட்சிகள் கண் முன் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவி டெலி மானஸ் 14416, இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. நேரில் போக சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காரைக்குடியில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற கூச்சம் இருந்தால் சிவகங்கையோ மதுரையோ வசதி. செத்துப்போகலாம் என்றோ பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ எண்ணம் வந்தால் அன்றே போக வேண்டும். இப்போது யாராவது உங்களை அடிக்கிறார்கள் என்றால் பெண்கள் உதவி எண் 181.

பள்ளியில் மிஸ்ஸிடம் உங்கள் அப்பா கதையைச் சொல்ல வேண்டியதில்லை. "அப்பா வெளிநாடு, பிள்ளை கொஞ்சம் தவிக்கிறான், வீட்டுல இப்படி முயற்சி பண்றோம்" என்ற அளவு போதும். கடிப்பது எந்த நேரத்தில், எந்தப் பிள்ளையிடம், அதற்கு முன் என்ன நடந்தது என்று இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில் குறித்துத் தரச் சொல்லுங்கள். வீட்டிலும் அதே மாதிரி நீங்கள் குறியுங்கள். ஆறேழு வாரம் இதையெல்லாம் விடாமல் செய்தும் கடி குறையவில்லை என்றால், அல்லது தன்னையே அடித்துக்கொள்வது, விலங்குகளைத் துன்புறுத்துவது, தீ வைப்பது என்று போனால், இரண்டு நோட்டையும் எடுத்துக்கொண்டு குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். காது பரிசோதனையை அதற்கு முன்பே முடித்து அந்தச் சீட்டையும் கொண்டுபோங்கள். அவர் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் இருக்கும்.